வீட்டுக்குள் ஒரு வார்டு

லாசரஸை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆனால் அவர் படுத்திருந்தது சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில், பதினோராம் மாடியில், தன் சொந்தக் கட்டிலில். பார்க்க வந்தவர்கள் யாருக்கும் இதை அவரால் விளங்கவைக்க முடியவில்லை.

“அப்ப டிஸ்சார்ஜ் ஆயிட்டீங்களா?” என்று கேட்டாள், ஆரஞ்சுப் பழப் பையோடு வந்த எதிர்வீட்டுப் பூவம்மா.

“இல்லை, வார்டுலதான் இருக்கேன்.”

“எந்த வார்டு?”

“இதுதான் வார்டு.”

பூவம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரி இருந்தது, இஸ்திரி மேசை இருந்தது, சுவரில் இருதய ஆண்டவர் படம் இருந்தது. பிறகு அவர் மனைவி உர்சுலாவின் பக்கம் திரும்பி, “காய்ச்சல் இன்னும் இறங்கலையோ?” என்று கிசுகிசுத்தாள்.

விஷயம் இதுதான். பேரங்காடியில் யாரோ தள்ளிவந்த தள்ளுவண்டி லாசரஸின் வலது காலில் உரசியது. சின்னக் கீறல். நான்கைந்து நாளில் முழங்காலுக்குக் கீழே கால் சிவந்து, பளபளவென்று வீங்கி, குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. அவசரப் பிரிவுக்குப் போனபோது தோலுக்கடியில் கிருமி இறங்கிவிட்டது, ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். ஓர் இரவு அங்கே படுக்கவைத்தார்கள். மறுநாள் டாக்டர் இன்ஷா வந்தார். மகள் லொரைனைவிடச் சின்னவராக இருப்பார். “அங்கிள், மிச்ச சிகிச்சைய வீட்டுலயே வச்சுக் குடுக்கலாம். ஆனா நீங்க எங்க பேஷண்ட்தான், வார்டுல இருக்கிற மாதிரியேதான். நர்ஸ் தினமும் வருவாங்க. நான் ஸ்க்ரீன்ல வருவேன்” என்றார்.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முப்பது வருடம் பாரந்தூக்கி ஓட்டியவர் லாசரஸ். வேலை என்றால் வேலையிடம், வீடு என்றால் வீடு. இரண்டையும் கலந்து அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் உர்சுலாவின் மீன்குழம்பை நினைத்துத் தலையாட்டிவிட்டார்.

வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. அதிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் நிற்கவைத்தார்கள். லாசரஸின் இடது மேல்கையில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். அதன் மேல் அவர் பெயர் ஒட்டியிருந்தது. நாடித்துடிப்பு, உடம்புச் சூடு, ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் எல்லாவற்றையும் அந்தப் பட்டை அளந்துகொண்டே இருக்குமாம். எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து சிலர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம்.

“தூங்கும்போதுமா?” என்று கேட்டார் லாசரஸ்.

“தூங்கும்போதும்தான் அங்கிள்” என்றாள் நர்ஸ் மோகனப்பிரியா. அவள்தான் தினமும் வந்து கையிலிருந்த குழாயில் மருந்து ஏற்றுபவள். சிரித்த முகம், கறாரான பேச்சு.

முதல் நாளே வம்பு வந்தது. குளிக்கப் போகையில் லாசரஸ் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். காலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, வலது கைக்குழாயில் தண்ணீர் படாமல் குளித்து முடிக்க நேரம் எடுத்தது. இடையில் டேப்லெட் ஆம்புலன்ஸ் போல அலறியது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வேறு. உர்சுலா நடுங்கிப்போய், “ஒண்ணுமில்லைங்க, நல்லா இருக்காரு, குளிக்கிறாரு, சாரி, சாரி” என்று திரும்பத் திரும்பச் சொன்னது குளியலறைக்குள் கேட்டது.

மோகனப்பிரியா வந்ததும் கண்டித்தாள். “அங்கிள், கழட்டக்கூடாதுன்னு சொன்னேன்ல? தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுலா.”

“சரிம்மா, இனிமே கழட்டலை.”

சொன்னாரே தவிர, கரண்ட்டில் ஓடுகிற சாமானைக் கையில் கட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்க அவருக்கு மனம் துணியவில்லை. மறுநாளும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனார். ஆனால் அன்று டேப்லெட் கத்தவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டார்.

மதியம் திரையில் டாக்டர் இன்ஷா வந்தார். காலைப் பற்றிக் கேட்பார் என்று லாசரஸ் துணியை விலக்கிக் காட்டப் போனார். டாக்டர் காலைப் பார்க்கவில்லை.

“அங்கிள், காலையில நெஞ்சு படபடன்னு அடிச்சுதா?”

“இல்லையே.”

“மூச்சு வாங்குச்சா? தலை சுத்துச்சா?”

“ஒண்ணுமில்லை டாக்டர்.”

“உங்க ஹார்ட் ரொம்ப வேகமா போயிருக்கு. வேகம் மட்டுமில்ல, தாளம் தப்பித் தப்பி அடிச்சிருக்கு. கொஞ்ச நேரம்தான். அப்புறம் சரியாயிடுச்சு. அந்த நேரத்துல என்ன செஞ்சுட்டு இருந்தீங்க?”

டாக்டர் சொன்ன நேரத்தை லாசரஸ் மனதுக்குள் திருப்பிப் பார்த்தார். “குளிச்சுட்டு இருந்தேன்.”

“பட்டை கையிலதானே இருந்துச்சு?”

பக்கத்தில் மருந்துப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த மோகனப்பிரியா அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

“கையிலதான் இருந்துச்சு” என்றார் லாசரஸ்.

பொய் வாயிலிருந்து இறங்கிய பிறகுதான் அது எவ்வளவு விசித்திரமான பொய் என்று அவருக்கு உறைத்தது. பட்டை இருந்தது மேசைமேல். அவர் இருந்தது குளியலறையில். அப்படியானால் தாளம் தப்பி அடித்தது எது?

அன்று முழுக்க இதே யோசனையாகக் கிடந்தார். இந்தச் சாமான் இல்லாததையெல்லாம் இருப்பதாகச் சொல்கிறதா? கெட்ட எண்களைக் கற்பனையாகச் சொல்கிறதென்றால் நல்ல எண்களையும் அப்படித்தானே சொல்லும்? காய்ச்சல் இல்லை என்று அது சொல்வதை எதை வைத்து நம்புவது? உர்சுலாவிடம் வாய்விட்டுச் சொல்லலாமென்றால் அவள் ஏற்கெனவே கலங்கிப்போயிருந்தாள். ‘ஹார்ட்’ என்ற சொல் அடுக்களை வரை போயிருந்தது. ஜெபமாலையை எடுத்து வைத்துக்கொண்டாள். உப்பே இல்லாத சூப் ஒன்றை வைத்துக் கொடுத்தாள். மீன்குழம்புக் கனவு அத்தோடு போயிற்று.

மறுநாள் மோகனப்பிரியா ஒரு சிறிய ஈசிஜி கருவியோடு வந்து அவர் மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தாள். கோடுகள் ஒழுங்காக ஓடின. “சூப்பரா இருக்கு அங்கிள்” என்றாள். ஆனால் அவள் வருவதற்கு முன்பே, அவர் குளித்துக்கொண்டிருந்த அதே வேளையில், எங்கோ உட்கார்ந்திருந்தவர்கள் மறுபடியும் அந்தத் தாளம் தப்பிய துடிப்பைப் பார்த்திருந்தார்கள்.

அவள் போனதும் லாசரஸ் ஒரு காரியம் செய்தார். உர்சுலா துணி காயப்போட அடுக்களைப் பக்கம் போன நேரம், பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்து, எதிரில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தார். மேசைக்கு நாடி இருக்கிறதா என்று பார்த்துவிடுவோமே என்றிருந்தது. டேப்லெட் திரையில் எண்கள் மறைந்தன. சற்று நேரத்தில் டேப்லெட் அலறத் தொடங்கியது. பதறிப்போய் எடுத்துக் கட்டிக்கொண்டார். அலறல் நின்றது.

“என்னங்க சத்தம்?” என்று உர்சுலா ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

“ஒண்ணுமில்லை, கை பட்டுடுச்சு.”

இப்போது குழப்பம் இரட்டிப்பாயிற்று. கழற்றி வைத்தால் அது கத்துகிறது. ஆனால் குளிக்கும்போது மட்டும் கத்துவதில்லை. குளிக்கும்போது அதற்கு ஓர் இதயம் கிடைத்துவிடுகிறது. ஒருவேளை கழற்றியதாகத் தான் நினைத்துக்கொள்வதுதான் தப்போ? கையில் கட்டிக்கொண்டே குளித்துவிட்டு, கழற்றியதாக ஒரு ஞாபகத்தை உண்டாக்கிக்கொள்கிறாரோ? அவருடைய பெரியண்ணனுக்கு எழுபதில் மறதி வந்தது. தனக்கும் அது ஆரம்பித்துவிட்டதோ? காலில் இறங்கிய கிருமி தலைக்கு ஏறியிருக்குமோ? சன்னலுக்கு வெளியே எல்ஆர்டி ரயில் வளைந்து போனது. வீடுகளுக்கு அருகில் வரும்போது அதன் கண்ணாடிகள் தாமாகவே மங்கிக்கொள்ளும். அன்று அவருக்கு உள்ளேயும் அப்படித்தான் ஏதோ மங்கிக்கிடந்தது.

அடுத்த நாள் காலை குளித்துவிட்டு வந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் திரையில் டாக்டர் வந்துவிட்டார். இந்த முறை முகத்தில் சிரிப்பில்லை.

“இன்னைக்கும் வந்திருக்கு அங்கிள். மூணு நாள் ஒரே மாதிரி. இதுக்கு மேல காத்திருக்க வேணாம். இதயத்தோட மேலறை ஒழுங்கா அடிக்காம நடுங்கும்போது ரத்தம் உள்ளே தேங்கி உறைஞ்சுபோகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனா ஸ்ட்ரோக். அதனால ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஆரம்பிக்கிறோம். மோகனப்பிரியா கொண்டு வருவாங்க. மத்தியானம் உங்களை இங்க கூட்டிட்டு வந்து முழுசா செக் பண்ணுவோம்.”

மோகனப்பிரியா வந்தாள். மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரையும் நீட்டினாள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மாத்திரை. லாசரஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உர்சுலா அடுக்களை வாசலில் கைகளைப் பிசைந்தபடி நின்றாள்.

“முழுங்குங்க அங்கிள்.”

“இந்த மருந்து, ஹார்ட் நல்லா இருக்கிறவங்க சாப்பிட்டா என்ன ஆகும்?”

“தேவையில்லாம ரத்தக்கசிவு வரலாம். உங்களுக்குத் தேவைப்படுது, அதான் குடுக்கிறோம்.”

லாசரஸ் மாத்திரையை மேசைமேல் வைத்தார். “கோவிச்சுக்காதேம்மா. எனக்குத் தேவைப்படுதான்னே எனக்குத் தெரியலை. நான் ஒரு பொய் சொல்லிட்டேன். குளிக்கும்போது நான் இதைக் கழட்டி வச்சுடறேன். மூணு நாளும் கழட்டித்தான் வச்சேன்.”

மோகனப்பிரியாவுக்கு முதலில் புரியவில்லை. “கழட்டினா அலாரம் அடிக்குமே அங்கிள்.”

“அதான் எனக்கும் விளங்கலை! மேசைமேல வச்சுட்டுப் போறேன். கத்தவும் மாட்டேங்குது, என் நெஞ்சு தறிகெட்டு ஓடுதுன்னும் சொல்லுது. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா, இல்லை இதுக்கா?”

“அது...” என்றாள் உர்சுலா வாசலிலிருந்து. இருவரும் திரும்பினார்கள். “அது கத்திக் கத்தி ஆஸ்பத்திரிக்காரங்களுக்குத் தொல்லை ஆகுதேன்னு, நீங்க உள்ள போனதும் எடுத்து நான் கட்டிக்குவேன். தண்ணி நின்னதும் கழட்டி, இருந்த இடத்துலயே வச்சுடுவேன்.”

“நீ கட்டிக்கிட்டியா?”

“கொஞ்ச நேரம்தானேங்க. விரிப்பை மாத்திட்டு, துணி காயப்போடற வரைக்கும்.”

லாசரஸுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கியது. தன் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. தன் இதயம் ஒழுங்காகத்தான் அடிக்கிறது. “பாத்தியாம்மா! அது என் ஹார்ட்டே இல்லை, அது இவ...” என்று சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

மோகனப்பிரியா சிரிக்கவில்லை. அவள் அதற்குள் எழுந்து போய் உர்சுலாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நர்ஸின் கண்கள் எங்கோ நிலைத்து நின்றன. உதடுகள் ஓசையில்லாமல் துடிப்பை எண்ணின.

“ஆன்ட்டி, கொஞ்சம் படுங்க.”

“நான் எதுக்கு? நான் நல்லாத்தான் இருக்கேன். அவருக்குத்தான்...”

“படுங்க ஆன்ட்டி.”

லாசரஸின் கட்டிலில் உர்சுலா படுத்தாள். லாசரஸ் பக்கத்தில் நின்றார். ஒயர்கள் ஒட்டப்பட்டன. திரையில் கோடுகள் ஓடின. அவற்றைப் படிக்க அவருக்குத் தெரியாது. ஆனால் நேற்றுத் தன் கோடுகளைப் பார்த்திருந்தார். அவை சம தூரத்தில் நட்ட கம்பங்கள் மாதிரி இருந்தன. இவையோ இரண்டு நெருங்கி, ஒன்று விலகி, மூன்று ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடின.

டாக்டர் இன்ஷா திரையிலேயே உர்சுலாவிடம் பேசினார். “கொஞ்ச நாளா களைப்பா இருக்கா ஆன்ட்டி?”

“வயசாயிடுச்சு. களைப்பு இருக்காதா?”

“படி ஏறினா?”

உர்சுலா சற்றுத் தயங்கினாள். “போன மாசம் தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரும்போது எம்ஆர்டி ஸ்டேஷன் வாசல்ல உட்கார்ந்துட்டேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. வெயில்னு நினைச்சேன்.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே” என்றார் லாசரஸ்.

“மீன் கெட்டுப்போயிடும்னு அவசரமா வந்துட்டேன். அப்புறம் மறந்துட்டேன்.”

“பட்டையில வந்த எண்ணைப் பத்தி டாக்டர் கேட்டப்பகூட, நீதான் கட்டியிருந்தேன்னு சொல்லலையே!”

உர்சுலா அவரைப் புரியாமல் பார்த்தாள். “உங்க பட்டை. உங்க பேருதான் ஒட்டியிருக்கு. அது உங்களைத்தானே பார்க்கும்? கையில இருக்கா இல்லையான்னு மட்டும்தான் அதுக்கு என்னைத் தெரியும்னு நினைச்சேன்.”

லாசரஸ் தன் கையிலிருந்த பட்டையைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. லொரைனுக்குப் போன் போயிற்று. அவள் செம்பவாங்கிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். உர்சுலாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தபோது, “சூப் அடுப்புல இருக்கு, அணைச்சுடுங்க” என்றாள். லாசரஸ் அடுப்பை அணைத்துவிட்டு, அவசர அவசரமாகக் கால்சட்டையை மாற்றிக்கொண்டு, செருப்பைத் தேடினார்.

மோகனப்பிரியா வாசலில் வழிமறித்தாள். “அங்கிள், எங்க கிளம்பிட்டீங்க?”

“அவ கூடத்தான்.”

“நீங்க வார்டுல இருக்கீங்க. நீங்களா வெளிய போகக்கூடாது. இன்னைக்கு மருந்தே இன்னும் ஏத்தலை.”

“இது என் வீடும்மா!”

“தெரியும் அங்கிள்” என்றாள் அவள். குரலில் கறார் போய்விட்டிருந்தது. “ஆனா அந்தக் காலோட ஆம்புலன்ஸ்ல ஏறி, அங்க போய் நீங்களும் விழுந்துட்டா ஆன்ட்டிய யார் பாக்கிறது?”

மின்தூக்கிக் கதவு மூடியது. நாற்பது வருடத்தில் உர்சுலா அவரை வார்டுகளில் வந்து பார்த்திருக்கிறாள். குடலிறக்கத்துக்கு ஒருமுறை, கண்புரைக்கு ஒருமுறை. பிரசவம் தவிர அவள் ஒரு நாளும் படுத்ததில்லை. இப்போது அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இரண்டும் வேறு வேறு இடம். சொட்டுச் சொட்டாக மருந்து இறங்குவதைப் பார்த்தபடி படுத்திருந்தார். வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை.

மாலை டேப்லெட் ஒலித்தது. தாவி எடுத்தார். வேறொரு நர்ஸ் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டாள்.

“என் சம்சாரம் எப்படி இருக்கா?”

“அவங்க எங்க டீம் இல்லை சார். அது ஹார்ட் வார்டு.”

“ஒரே ஆஸ்பத்திரிதானே?”

“ஒரே ஆஸ்பத்திரிதான். ஆனா வேற டீம்.”

கடைசியில் லொரைன்தான் வீடியோவில் கூப்பிட்டாள். “டாடி, மம்மி ஓகே. வேகத்தைக் குறைக்க மருந்து குடுத்திருக்காங்க. டோன்ட் வொரி.” கேமராவைத் திருப்பினாள். பச்சை உடையில் உர்சுலா தெரிந்தாள். பாதி முகம்தான் தெரிந்தது. “சாப்பிட்டீங்களா?” என்று அந்தப் பாதி முகம் கேட்டது.

மறுநாள் காலை டாக்டர் இன்ஷா திரையில் வந்ததும் லாசரஸ் காத்திருக்கவில்லை. “டாக்டர், என்னை டிஸ்சார்ஜ் பண்ணுங்க. இல்லைன்னா நிஜ வார்டுக்கு மாத்துங்க. எதையாவது ஒண்ணு செய்யுங்க. இந்த நடுவுல இருக்கிறது எனக்கு ஒத்துவரலை.”

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். “கால் எப்படி?”

“சிவப்பு குறைஞ்சிருக்கு.”

“சரி. இன்னைக்கு மருந்தை இங்கேயே வந்து ஏத்திக்கோங்க. வேன் அனுப்பச் சொல்றேன். ஏத்தி முடிச்சதும் சக்கர நாற்காலியில ஆன்ட்டியோட வார்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஆனா பட்டையைக் கழட்டக்கூடாது.”

“சத்தியமா கழட்ட மாட்டேன்.”

உர்சுலா சன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தலைமாட்டில் இருந்த திரையில் அவளுடைய கோடுகள் ஓடின. லாசரஸ் முதலில் அவற்றைத்தான் பார்த்தார். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தார். அதற்காக வெட்கப்பட்டார்.

“இப்ப எப்படி இருக்கு?”

“அதேதான். நேத்தும் ஒண்ணும் தெரியலை, இன்னைக்கும் ஒண்ணும் தெரியலை. நேத்து எனக்கு ஆபத்தாம், இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லையாம். எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியலைங்க.” அவள் குரல் தாழ்ந்தது. “நல்லா இருக்கேனா இல்லையான்னு எனக்கே தெரியாம போனா, நான் யாரைக் கேட்கிறது?”

அவர் அவள் கையை எடுத்து மணிக்கட்டில் விரலை வைத்தார். மோகனப்பிரியா வைத்த இடம் அதுதான் என்று நினைத்தார். எதுவும் அகப்படவில்லை. விரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஓரிடத்தில் மெல்லிதாக ஏதோ தட்டியது. அது அவள் நாடியா, தன் விரலின் நாடியா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

“என்ன, டாக்டர் சார்?” என்றாள் உர்சுலா. அவள் சிரித்தது அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் இருவரும் வீட்டில் இருந்தார்கள். உர்சுலாவுக்குக் காலையும் மாலையும் மாத்திரை. லாசரஸை ஆஸ்பத்திரியிலிருந்து விடுவித்துவிட்டதாகத் திரையில் சொன்னார்கள். அவர் கட்டிலிலிருந்து கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஒருவர் வந்து டேப்லெட்டையும் பட்டையையும் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனார்கள். நன்றிப் பூசைக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்றாள் உர்சுலா. அலுவலகத்தில் இருந்த பெண், “எதுக்காகன்னு போடட்டும் அங்கிள்?” என்று கேட்டாள்.

லாசரஸ் வாயைத் திறந்தார். கால் குணமானதற்கா? கால் கெட்டுப்போனதற்கா? அந்தத் தள்ளுவண்டிக்கா? தான் சொன்ன பொய்க்கா, அவள் செய்த காரியத்துக்கா? ஒன்றைச் சொன்னால் இன்னொன்று விட்டுப்போகும் போலிருந்தது. எல்லாவற்றையும் சொன்னால் பூவம்மா பார்த்த மாதிரிதான் இந்தப் பெண்ணும் பார்ப்பாள்.

“உர்சுலாவோட நெஞ்சுக்காகன்னு போடும்மா” என்றார்.

“எனக்கு ஒண்ணுமில்லை” என்றாள் உர்சுலா அந்தப் பெண்ணிடம். “அவரு காலுக்காகன்னு போடுங்க.”

அந்தப் பெண் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.